அசைபடம் பார்த்தால் புரிகிறது என்கிறார்கள், தாளில் வரையச் சொன்னால் கை நிற்கிறது

வைப்பாற்றங்கரை | 4 ஆகஸ்ட், இரவு 9.40

வணக்கம். தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு மாணவர்களுக்குத் தரவுக் கட்டமைப்புப் பாடம் (கணினி நினைவகத்தில் தரவை எப்படி அடுக்குவது என்பது) எடுக்கிறேன். சி மொழியில்தான் நடத்துகிறோம். வகுப்பில் 62 பேர். ஆய்வகத்தில் ஓடுகிற நிலையில் உள்ள கணினிகள் 31.

இந்தப் பருவத்தில் வகுப்பை மாற்றியே தீருவது என்று விடுமுறை முழுவதும் உட்கார்ந்து வேலை செய்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் அசைபடம் தயாரித்தேன். என் குரலிலேயே விளக்கம் பதிவு செய்தேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் தொடங்கிய, தரவுக் கட்டமைப்புகளை அசைபடமாகக் காட்டும் விசுஆல்கோ தளத்தைப் புராஜெக்டரில் ஓட்டிக் காட்டினேன். மாணவர்கள் ஆவலுடன் பார்த்தார்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டியது.

போன வாரம் சிறு தேர்வு ஒன்று வைத்தேன். 7, 12, 5, 20 என்று நான்கு கணுக்கள் கொண்ட லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண்ணும், அடுத்த கணுவைச் சுட்டும் ஓர் அம்பும் இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பும் நிரலைத் தாளிலேயே கொடுத்துவிட்டேன். சுற்று இரண்டு முறை ஓடி முடிந்தபின் அம்புகள் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும், அவ்வளவுதான். சரியாக வரைந்தவர்கள் 11 பேர். பலர் 12-இலிருந்து 7-க்கு அம்பு போட்டுவிட்டு, 7-இலிருந்து 12-க்குப் போன பழைய அம்பை அப்படியே விட்டிருந்தார்கள். சிலர் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் திருப்பிவிட்டார்கள். அசைபடத்தின் கடைசிக் காட்சி மட்டும் மனதில் தங்கியிருக்கிறது, இடையில் நடந்த எதுவும் தங்கவில்லை.

இதே படத்தை நான்கு முறை காட்டியிருக்கிறேன். எங்கே தவறினேன்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்காயர் | 4 ஆகஸ்ட், இரவு 11.15

அம்மா, தவறு உங்களுடையது மட்டும் இல்லை. இந்தத் துறையே இருபது ஆண்டு இந்த இடத்தில் நின்று தவித்திருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கதை இன்னும் என்னை விடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1981-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பெக்கர் அரைமணி நேரப் படம் ஒன்று எடுத்தார். ஒன்பது வரிசைப்படுத்தும் முறைகள் வண்ணக் கோடுகளாகத் திரையில் ஓடும். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரவுனும் ராபர்ட் செட்ஜ்விக்கும் பால்சா என்ற அமைப்பை உருவாக்கி, வகுப்பறையில் மாணவர் ஒவ்வொருவருக்கும் எதிரே படம் ஓடச் செய்தார்கள். இனிப் படிமுறைகளை (அல்காரிதம்களை) கற்பிப்பது எளிது என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு சோதித்துப் பார்த்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒரு சோதனையில் அசைபடம் பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், அடுத்த சோதனையில் எந்த வேறுபாடும் இல்லை. ஹண்ட்ஹவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ ஆகிய மூவரும் இப்படி நடந்த 24 சோதனைகளை ஒன்றாக வைத்து அலசி 2002-இல் கட்டுரை எழுதினார்கள். திரையில் என்ன தெரிந்தது என்பதைவிட, அதைப் பார்த்த மாணவர் என்ன செய்தார் என்பதுதான் பலனைத் தீர்மானித்தது என்று கண்டார்கள். உங்கள் 62 பேரும் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எதுவும் செய்ததாக எழுதவில்லை.

அதே ஆண்டில் தாமஸ் நாப்ஸ் முதலானவர்கள் கூடி இதைப் படிகளாகப் பிரித்தார்கள். படமே இல்லாமல் இருப்பது, பார்ப்பது, படத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்வது, உள்ளீட்டை மாற்றிப் பார்ப்பது, தானே படம் கட்டுவது, கட்டியதைப் பிறர் முன் விளக்குவது. ஆறு படிகளில் நீங்கள் இரண்டாவதில் நிற்கிறீர்கள். ஆறாவது வரை ஏற வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். பாடத்திட்டம் முடிய வேண்டுமே. ஆனால் மூன்றாவது படி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: படத்தை ஓட்டும் முன் நிறுத்துங்கள். "அடுத்த வரி ஓடினால் எந்த அம்பு நகரும்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தாளில் எழுதிய பிறகே ஓட்டுங்கள். தன் கணிப்பு பொய்க்கும்போதுதான் மாணவன் திரையை உண்மையாகப் பார்க்கிறான்.

இன்னொன்று. 31 கணினி, 62 பேர் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கு ஒரு கணினி; இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல கணக்கு அமையாது.

---

மூன்றாமாண்டு | 5 ஆகஸ்ட், காலை 7.05

மேடம், நான் மாணவன். எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

அசைபடம் பார்க்கும்போது உண்மையாகவே புரிகிறது. பொய்யாகத் தலையாட்டுவதில்லை. பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன, எல்லாம் இயல்பாகத் தோன்றுகிறது. வீட்டில் பார்க்கும்போது இரட்டை வேகத்தில் வைத்துப் பார்ப்பேன். அப்போதும் புரியும். மறுநாள் வெள்ளைத்தாள் முன் உட்கார்ந்தால்தான் எதுவும் இல்லை என்று தெரியும். பாட்டைக் கேட்டால் ராகம் தெரிகிறது, பாடச் சொன்னால் வருவதில்லை. அதுபோலத்தான்.

எனக்கு ரிக்கர்ஷன் (ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பது) பிடிபட்ட விதம் இது. விடுதியில் என் அறைத்தோழனும் நானும் ஒரே லேப்டாப்பில் பைதான் டியூட்டர் திறந்து வைத்துக்கொள்வோம். ஃபிலிப் குவோ என்பவர் 2010-இல் செய்த தளம். பைதான் மட்டுமல்ல, சி, ஜாவா நிரல்களையும் ஒவ்வொரு வரியாக ஓட்டி நினைவகத்தைப் படமாகக் காட்டும். இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் படம். அவன் படத்தின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து மறைத்துவிடுவான். அடுத்த வரி ஓடினால் ஸ்டாக்கில் எத்தனை சட்டங்கள் (இன்னும் முடியாமல் இருக்கும் அழைப்புகள்) இருக்கும், எதில் என்ன மதிப்பு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே நோட்டை எடுப்பான். பிறகு என் முறை. முதல் நாள் ஃபேக்டோரியல் 4-க்கே முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வரும்போது மதிப்பு எந்தச் சட்டத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டைதான் இன்றுவரை நினைவில் இருக்கிறது.

ஒரு குறிப்பு: அந்தத் தளத்தில் சி நிரல் ஓட்டும்போது விசைப்பலகையிலிருந்து உள்ளீடு வாங்க முடியாது. மதிப்புகளை நிரலிலேயே எழுதிவிட வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலையை வீணாக்கினேன்.

---

புளியஞ்சோலை | 5 ஆகஸ்ட், மதியம் 1.30

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். எனக்குச் சாக்பீஸ் போதும். 19 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். பலகையில் கணு வரைந்து, அம்பு போட்டு, அழித்து, மறுபடி போடுகிறேன். அழிக்கும் அந்த நொடியில் மாணவன் கண் அங்கே இருக்கிறது. என் கை மெதுவாகப் போவதால் அவன் மனமும் கூடவே வருகிறது. இணையம் போனால் என் வகுப்பு நிற்பதில்லை, மின்சாரம் போனால் ஜன்னலைத் திறந்துகொள்கிறேன்.

கருவிகளைத் தயாரிப்பதில் ஆசிரியரின் நேரம் போகிறது. அந்த நேரத்தில் 62 பேரின் நோட்டைத் திருத்தியிருந்தால் யாருக்கு எங்கே இடறுகிறது என்பது ஜூலையிலேயே தெரிந்திருக்கும்.

---

வைப்பாற்றங்கரை | 5 ஆகஸ்ட், இரவு 8.50

ஐயா, நோட்டுத் திருத்துவதைப் பற்றி நீங்கள் சொன்னது சுட்டது. ஒப்புக்கொள்கிறேன். அம்பை அழிக்கும் நொடி பற்றிச் சொன்னதும் மிகவும் சரி. என் அசைபடத்தில் பழைய அம்பு மெல்ல மங்கி மறைந்துவிடுகிறது. அழகாக இருக்கட்டும் என்று நானே அப்படி வைத்தேன். 7-இலிருந்து 12-க்குப் போன அம்பு ஏன் தாள்களில் அழியாமல் நின்றது என்று இப்போது விளங்குகிறது. அழிந்ததையே அவர்கள் கவனிக்கவில்லை.

ஆனால் சாக்பீஸ் என் கையில் இருக்கிறது. 62 பேர் கையில் இல்லை. பலகை முன் வந்து வரைய ஒரு நாளில் எத்தனை பேரை அழைக்க முடியும்? நான்கு பேர், ஐந்து பேர். வருகிறவர்களும் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான்.

கணக்காயர் ஐயா, நாளை மறுநாள் ஆய்வக வகுப்பு. நிறுத்தி, எழுதவைத்து, பிறகு ஓட்டிப் பார்க்கிறேன்.

---

கொங்குமணி | 6 ஆகஸ்ட், காலை 10.20

நான் மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன். கூடிக் கற்பது பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் என் அனுபவம்.

நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோ கோடில் லைவ் ஷேர் என்ற வசதி இருக்கிறது. ஒருவர் திறந்திருக்கும் நிரலை மற்றவர்கள் தங்கள் கணினியிலிருந்தே ஒரே நேரத்தில் திருத்தலாம். ஒவ்வொருவருடைய சுட்டியும் வேறு வேறு நிறத்தில் தெரியும். முதன்முறை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு கணினி கொடுத்து, ஒரே நிரலை எழுதச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் எல்லாக் குழுவிலும் ஒருவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குழுவில் இருவர் ஒரே வரியைத் திருத்தி, ஒருவர் போட்ட அடைப்புக்குறியை மற்றவர் அழித்து, கடைசியில் நிரல் தொகுக்கவே மறுத்தது. மற்றவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை யார் எத்தனை வரி எழுதினார் என்று திருத்த வரலாற்றிலிருந்து எடுத்து மதிப்பெண் போட்டேன். இது இன்னும் மோசம். வரி எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒருவர் எழுதியதையே வேறு மாதிரி திருப்பி எழுத ஆரம்பித்தார்கள். சந்தேகம் கேட்பது நின்றுபோனது. கண்காணிப்பதற்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தியது என் பெரிய பிழை.

இப்போது செய்வது எளிமையானது. இருவர், ஒரு விசைப்பலகை. ஒருவர் தட்டச்சு செய்வார், மற்றவர் என்ன எழுத வேண்டும் என்று சொல்வார். தட்டுபவர் தானாக எதையும் எழுதக் கூடாது, சொல்பவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. 7 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மேசைமேல் சமையலறைக் கடிகாரம் வைத்திருக்கிறேன், மணி அடித்தால் நாற்காலி மாற வேண்டும். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததும் புரியாத இடம் தானாக வெளியே வந்துவிடுகிறது.

லைவ் ஷேரை விட்டுவிடவில்லை. வெளியூரில் இருக்கும் இருவர் சேர்ந்து வேலை செய்ய அது அருமையான கருவி. ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது தேவைப்படவில்லை.

---

மூன்றாமாண்டு | 6 ஆகஸ்ட், மாலை 6.00

கொங்குமணி அண்ணா, நன்றாகப் படிப்பவனும் தடுமாறுபவனும் ஜோடியானால் என்ன செய்வீர்கள்? எங்கள் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட ஜோடியில் ஒருவன் பேசவே மாட்டான்.

---

கொங்குமணி | 6 ஆகஸ்ட், இரவு 7.15

தம்பி, முதல் இரண்டு வாரம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்த்துவிடுகிறேன். இருவருக்கும் தெரியாதபோது பேச்சு நன்றாக வருகிறது. பேசிப் பழகிய பிறகு மாற்றி அமைக்கிறேன்.

---

நல்லூர்வாசி | 7 ஆகஸ்ட், காலை 5.50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உரையாடல் முழுவதையும் வாசித்தேன். எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வகுப்புக்குப் பார்வையற்ற மாணவி ஒருவர் வந்தபோது என் படங்கள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

அவர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் கொண்டு நிரலைக் கேட்பார். வேகமாகவும் பிழையில்லாமலும் எழுதுவார். ஆனால் அசைபடத்தில் திரைவாசிப்பானுக்கு வாசிக்க எதுவும் இருக்கவில்லை. பொத்தான் ஒன்று, பொத்தான் இரண்டு, அதற்கு மேல் மௌனம். நான் வாயால் வர்ணித்தேன். "இப்போது அம்பு திரும்புகிறது" என்றேன். எங்கிருந்து எங்கே என்று அவர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் என் வர்ணனை அரைகுறையாகவே இருந்தது.

அதனால் கயிற்றுக்கு வந்தோம். ஐந்து மாணவர்கள் வரிசையாக நின்றார்கள், ஒவ்வொருவரும் ஒரு கணு. ஒவ்வொருவருடைய வலக்கையிலும் ஒரு கயிற்றின் நுனி, மறுநுனி அடுத்தவரின் இடக்கையில். பட்டியலைத் திருப்ப வேண்டுமானால், அடுத்தவர் கையிலிருந்து உங்கள் கயிற்றை இழுத்து முன்னால் நிற்பவர் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் ஒரேயொரு விதி: எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கயிற்றைத் தொட்டு மட்டுமே அடுத்த ஆளிடம் போகலாம். நிரலை நடத்தும் ஆளாக அந்த மாணவியே வந்தார்.

கண் திறந்திருந்த ஒத்திகையில் எல்லோரும் சரியாகச் செய்திருந்தார்கள். கண்ணை மூடியதும் நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன் அடுத்தவரைப் பிடித்து வைக்காமலே கயிற்றை இழுத்துத் திருப்பிவிட்டான். மிச்ச மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், அவர்களிடம் போக ஒரு வழியும் இல்லை. கைகளை நீட்டித் துழாவினான். "அதற்குத்தானா அந்த மூன்றாவது பாயின்டர்?" என்று கண்ணை மூடியபடியே கேட்டான். பாயின்டர் என்பது ஒரு கணு இருக்கும் இடத்தைச் சுட்டும் மாறி; முந்தைய கணுவுக்கும் இப்போதைய கணுவுக்கும் ஒவ்வொன்று போக, அடுத்த கணுவைப் பிடித்து வைக்கத்தான் மூன்றாவது.

அன்றுதான் எனக்கும் ஒன்று விளங்கியது. அசைபடம் பார்ப்பவருக்கு எல்லாக் கணுக்களும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. அம்பு அறுந்தாலும் பெட்டி திரையிலேயே நிற்கிறது, தொலைந்ததாகத் தோன்றாது. நிரலுக்கு அந்தப் பார்வை கிடையாது. கையில் பிடித்திருக்கும் பாயின்டர்தான் அதற்கு உலகம். இதை அந்த மாணவி தொடக்கத்திலிருந்தே சரியாகப் புரிந்துவைத்திருந்தார். மற்றவர்களுக்கு அவர்தான் விளக்கினார்.

சகோதரி, உங்கள் வகுப்பில் பார்வையற்றவர் இல்லாவிட்டாலும் ஒருதடவை செய்து பாருங்கள்.

---

கணக்காயர் | 7 ஆகஸ்ட், காலை 9.30

நல்லூர்வாசி, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிக்க நன்றி.

உடலைக் கொண்டு கற்பிப்பதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. நியூசிலாந்தின் டிம் பெல் குழுவினர் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் பயிற்சிகளைத் தொகுத்தார்கள். தரையில் சாக்பீஸால் கோடுகளும் வட்டங்களும் போட்டு, ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு எண்ணுடன் நடப்பார்கள். வட்டத்தில் இருவர் சந்தித்தால் எண்ணை ஒப்பிட்டு, சிறியது ஒரு பக்கம், பெரியது மறுபக்கம் பிரியும். மறுமுனைக்கு வரும்போது வரிசை சரியாக இருக்கும். ருமேனியாவின் சபியென்ஷியா பல்கலைக்கழகத்தார் திரான்சில்வேனியாவின் நாட்டுப்புற நடனங்களாகவே வரிசைப்படுத்தும் முறைகளை ஆடவைத்துப் படம் பிடித்தார்கள். நடனக் கலைஞர்கள் மார்பில் எண்ணைக் கட்டிக்கொண்டு, இருவர் இருவராக முன்வந்து, ஆடி, இடம் மாறுவார்கள். நம் கும்மியிலும் கோலாட்டத்திலும் இடம் மாறும் ஒழுங்கு எவ்வளவு நுட்பமானது! யாராவது செய்ய மாட்டார்களா என்று எனக்கு நீண்டநாள் ஏக்கம்.

---

பாலாறு | 7 ஆகஸ்ட், மாலை 4.10

என் மாணவர்களில் பலருக்குச் செல்போன் மட்டுமே. காணொளிக் கோப்பு பெரிதாக இருந்தால் இறக்குவதில்லை. எதைப் பகிர்வது?

---

கொங்குமணி | 7 ஆகஸ்ட், இரவு 9.00

நீங்கள் நிரல் எழுதுவதைக் காட்டுவதாக இருந்தால் ஆஸ்கினிமா பாருங்கள். திரையைக் காணொளியாகப் பிடிக்காமல், முனையத்தில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரையில்) தோன்றும் எழுத்துகளையும் அவை தோன்றிய நேரத்தையும் மட்டும் பதிவு செய்யும். கோப்பு மிகச் சிறியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, அதிலிருந்து வரிகளை நகலெடுக்கலாம். குரல் வராது, அதைத் தனி ஒலிக்கோப்பாக அனுப்பிவிடுங்கள்.

தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் உண்டு. ஏறத்தாழ பத்து நிமிடப் பாடங்கள். திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓட்டி, மறுபாதியில் மாணவர் கூடவே செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் முறை. ஆனால் செல்போனில் அது நடக்காது.

---

வைப்பாற்றங்கரை | 25 ஆகஸ்ட், இரவு 10.05

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

முதல் ஆய்வக வகுப்பு சரியாகப் போகவில்லை. படத்தை நிறுத்திக் கணிப்பை எழுதச் சொன்னால், பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினார்கள், அல்லது ஓட்டும்வரை காத்திருந்து பிறகு எழுதினார்கள். தவறாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பயம். கணிப்புக்கு மதிப்பெண் கிடையாது, தாளை நான் வாங்கவும் மாட்டேன் என்று இரண்டாம் வகுப்பில் சொன்ன பிறகுதான் மாறியது. மறுவாரத்தில் ஓட்டும் பொத்தானை நான் அழுத்தப் போகும்போது பின்வரிசையிலிருந்து "மேடம், இருங்கள், இன்னும் முடிக்கவில்லை" என்று குரல் வந்தது. இந்தப் பாடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

31 கணினிகளில் 31 ஜோடிகள். ஒருவர் சொல்ல, ஒருவர் தட்ட. 7 நிமிடம் எங்களுக்குப் போதவில்லை, 10 ஆக்கினேன். அறையில் இரைச்சல் அதிகம். பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒருமுறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அசைபடங்களையும் திருத்தினேன். மங்கி மறையும் அம்புகளை எடுத்துவிட்டேன். இப்போது அழிக்க வேண்டிய அம்பு சிவப்பாக நிற்கும், மாணவர் தொட்டால்தான் அறும். புளியஞ்சோலை ஐயா, இது உங்கள் பலகையிலிருந்து கற்றது. நோட்டுகளும் வாரம் 15 என்று திருத்துகிறேன்.

கயிற்றை மரத்தடியில் செய்தோம். கண்ணை மூடச் சொன்னதும் கூச்சத்தில் சிரிப்பு. இரண்டாவது கயிறு அறுந்ததும் சிரிப்பு அடங்கியது. எங்களிடமும் ஒரு மாணவி மூன்று பேரைத் தொலைத்துவிட்டு நின்றாள். "கண்ணைத் திறக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம், முதலிலிருந்து தொடங்கு என்றேன்.

அதே நான்கு கணுக் கேள்வியை எண்களை மாற்றி நேற்று மறுபடி கொடுத்தேன். 44 பேர் சரி. மீதி 18 பேரில் ஐந்தாறு பேருக்குச் சிக்கல் பட்டியலில் இல்லை, பாயின்டரிலேயே இருக்கிறது. அவர்களுடன் தனியே உட்கார வேண்டும். அதற்குப் படமும் கயிறும் உதவுமா என்று தெரியவில்லை, முதலில் அவர்கள் பேசக் கேட்கப் போகிறேன்.

அடுத்த வாரம் ஏ.வி.எல். மரச் சுழற்சி: கணுக்கள் இடது, வலது எனக் கிளைக்கும் மரம் ஒரு பக்கம் நீண்டுவிட்டால் கணுக்களை இடம் மாற்றிச் சமன் செய்வது. ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு கயிறு வேண்டும். கண்ணை மூடியிருக்கும்போது இடது எது, வலது எது என்று எப்படித் தெரியும், நல்லூர்வாசி?

---

நல்லூர்வாசி | 26 ஆகஸ்ட், காலை 6.10

சகோதரி, வலதுக்குத் தடித்த தும்புக் கயிறு, இடதுக்கு மெல்லிய நூல் கயிறு. தொட்டதும் வித்தியாசம் தெரியும். சுழற்றும்போது இடையில் நிற்கும் கிளை ஒரு தாயை விட்டு இன்னொரு தாயிடம் போவதுடன் பக்கமும் மாறும். ஆகவே அந்தக் கிளையாக நிற்பவர் தன் கையில் இருக்கும் கயிறு மெல்லியதா தடித்ததா என்று ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொல்லட்டும். எங்களுக்கு அந்த இடத்தில்தான் இரண்டு தடவை சிக்கியது.